இரைச்சலுக்கு இரண்டு ஆயுள்

துப்பாக்கி சுடப் பழகும் களங்களில் காதைப் பொத்திக்கொள்ள ஒரு கனத்த மூடி தருவார்கள். 1983இல், தன் குழுவின் விடைபெறும் சுற்றுப்பயணத்தில், ரோஜர் மில்லர் அதை மாட்டிக்கொண்டுதான் கிதார் வாசித்தார். மூடிக்கு அடியில், காதுத் துளைகளில் தனியாக அடைப்பான்களும் இருந்தன. எதிரே நின்ற கூட்டத்துக்கு அது ஏதோ நாடக வேஷம்போலத் தெரிந்திருக்கலாம். கூட்டம் கலைந்து, விளக்கெல்லாம் அணைந்து, ஊரே உறங்கிய பிறகும் அவர் காதுக்குள் கச்சேரி நிற்கவில்லை.

மிஷன் ஆஃப் பர்மா என்ற அந்தக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் ராக் இசை எழுத்தாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போய் நிற்பார்கள். போஸ்டனில் 1979இல் கூடி நான்கே ஆண்டுகளில் கலைந்த நால்வர். சில சிங்கிள்கள், ஆறு பாட்டு கொண்ட ஓர் ஈ.பி., ஒரே ஒரு முழு ஆல்பம். பிறகு கிதார்க் கலைஞரின் காது கெட்டது, கடை மூடப்பட்டது. அற்பாயுளில் போன மேதையின் கதைக்கு எந்த ஊரிலும் கிராக்கி உண்டு. நம்மூரிலும் கவிஞன் சீக்கிரம் செத்தால்தான் முழுத் தொகுப்பு சீக்கிரம் வரும்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. 2002இல் மூவர் மறுபடி கூடினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் நான்கு முழு ஆல்பங்கள் போட்டார்கள். முதல் ஆயுளைவிட இரண்டாவது நீளம்; பாட்டுகளின் எண்ணிக்கையும் கூடுதல். அப்படியிருந்தும் பட்டியல்களிலும் வரலாற்று நூல்களிலும் இடம்பிடித்திருப்பது முதல் நான்கு வருடம்தான். இரண்டாம் பகுதியைப் பழைய நண்பர்களின் கூட்டாஞ்சோறுபோல ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே வாழ்க்கையாக வைத்துக் கேட்டால் என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் பெயர். தமிழ்க் காதுக்கு இந்தப் பெயரில் இரண்டு சொற்களுமே வழுக்கும். மிஷன் என்றால் நமக்கு மிஷன் பள்ளிக்கூடமும் மிஷன் ஆஸ்பத்திரியும்தான். பர்மா என்றாலோ தேக்கு, ரங்கூன் கப்பல், அறுபதுகளில் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தவர்கள், சென்னைக் கடற்கரையோர பஜார். இந்தக் குழுவுக்கும் அவை எதற்கும் துளிச் சம்பந்தம் கிடையாது. பேஸ் கிதார் வாசித்த கிளின்ட் கான்லி நியூயார்க்கில் ஒரு தூதரகக் கட்டடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தார்; சொற்சேர்க்கையில் ஏதோ ஒரு கலங்கலும் மர்மமும் இருப்பதாகப் பட்டது; எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். 1989இல் அந்த நாட்டு ராணுவ ஆட்சி ஆங்கிலப் பெயரை மியான்மர் என்று மாற்றியபோது குழுவே இல்லை. திரும்பி வந்தபோது, உலக வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் தூதுவர்களாக வந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் போஸ்டன் இப்படியொரு குழு பிறக்கத் தோதான ஊர்தான். ஏரோஸ்மித், தி கார்ஸ் மாதிரியான பெரிய வியாபாரப் பெயர்கள் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் நமக்கு வேண்டியது அந்த ஊரின் இன்னொரு பக்கம்: ஹார்வர்ட், எம்.ஐ.டி., இன்னும் பத்துப் பதினைந்து கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் மாணவர்கள் நடத்திய சின்ன வானொலி நிலையங்கள். விளம்பரக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டாத இந்த நிலையங்கள் தட்டாகக்கூட வெளிவராத ஒலிநாடாவைப் போட்டுக் காட்டும். கான்லி எழுதிய "பீக்கிங் ஸ்பிரிங்" என்ற பாட்டு அப்படித்தான் பரவியது. கடையில் வாங்க முடியாத அந்தப் பாட்டு எம்.ஐ.டி. வானொலியில் 1979இல் அதிகம் ஒலித்த பாட்டானது. பிற்காலத்தில் "ஆல்டர்நேட்டிவ் ராக்" என்று வணிகம் பெயர் வைத்த சரக்கின் விநியோகப் பாதை இதுதான். பெயர் வருவதற்குப் பத்து வருடம் முன்பே பாதை போடப்பட்டுவிட்டது.

மில்லர் மிச்சிகனின் ஆன் ஆர்பர்காரர். பதின்வயதிலேயே தம்பிகளோடு ஸ்ப்ரோட்டன் லேயர் என்ற சைகடெலிக் குழுவை நடத்தியவர், பிறகு முறையாக இசையமைப்புப் படித்தவர், பியானோக்காரர். போஸ்டனுக்கு வந்து மூவிங் பார்ட்ஸ் என்ற குழுவில் சேர்ந்தபோது அங்கே கான்லியைச் சந்தித்தார். அந்தக் குழு 1978இன் இறுதியில் உடைந்தது. உடைந்த துண்டு இரண்டோடு டிரம்ஸ் வாசிக்கும் பீட்டர் பிரஸ்காட் சேர, 1979 ஏப்ரல் 1 அன்று போஸ்டனின் மாடர்ன் தியேட்டரில் முதல் நிகழ்ச்சி. முட்டாள்கள் தினம் என்பதை அவர்கள் கவனித்தே தேர்ந்தார்களோ என்னவோ.

மூவருக்கும் மூன்று குணம். கான்லிக்கு மெட்டு இயல்பாக வரும். கூட்டமே சேர்ந்து கத்தும்படியான பல்லவிகள் அவருடையவை. மில்லர் கோணல்மாணலாக யோசிப்பவர். சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதி, அதன் முடிவில் தாதா இயக்கத்தின் பெயரைக் கோஷமாக்கினார். பிரஸ்காட் டிரம்ஸைக் கிட்டத்தட்டச் சண்டைக்கு அழைப்பதுபோல வாசிப்பவர். நடுவே கத்தவும் செய்வார். மெட்டுக்காரரும் கோணல்காரரும் ஒரே பாட்டில் இழுபறி நடத்துவதுதான் இவர்களின் ருசி. ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் இது நல்ல பாப் குழுவாகவோ புரியாத சோதனைக் குழுவாகவோ போயிருக்கும்.

நான்காமவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மார்ட்டின் ஸ்வோப் மேடையில் ஏறவே மாட்டார். அரங்கின் பின்கோடியில், ஒலியைக் கலக்கும் மிக்சர் பலகைக்குப் பக்கத்தில், ஒரு டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். மில்லரும் அவரும் ஏற்கெனவே பியானோவுக்கும் ஒலிநாடாவுக்குமாகச் சேர்ந்து இசை எழுதிப் பார்த்தவர்கள். குழுவில் முதலில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அவர் நாடா தேவைப்பட்டது. பிறகு இன்னொன்று, இன்னும் ஒன்று என்று ஆகி, கடைசியில் ஒலிப் பொறுப்பும் அவருடையதாகி, சரிசம உறுப்பினர் ஆனார்.

அவர் செய்தது இது. மேடையிலிருந்து வரும் ஒலியில் ஒரு துண்டை, ஒரு கிதார்க் கீறலையோ ஒரு குரலையோ, அங்கேயே அப்போதே நாடாவில் பதிவார். அந்தத் துண்டை வளையமாகச் சுழலவிட்டு, வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ, சில சமயம் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டோ, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்புவார். அரை நிமிடம் முன்பு மில்லர் வாசித்தது இப்போது உருத்திரிந்து, யாரும் வாசிக்காத பொழுதில், எங்கிருந்தோ வரும். கூட்டத்தில் இருப்பவர்கள் மேடையில் மூன்று பேரை எண்ணுவார்கள், காதில் நான்கு பேரைக் கேட்பார்கள். 1948இல் பாரீஸ் வானொலி நிலையத்தில் பியர் ஷேஃபர் ரயில் சத்தத்தைத் தட்டில் பதிந்து வெட்டி ஒட்டி இசையாக்கிய மரபுக்கு வாரிசு இது. ஷேஃபருக்கு ஸ்டூடியோவும் நேரமும் இருந்தன. ஸ்வோப்புக்கு இருந்தவை பீர் வாடை அடிக்கும் ஒரு கிளப்பும் அடுத்த பல்லவிக்கு மிச்சமிருந்த சில நொடிகளும்.

இன்று கிதார்க் கலைஞர்கள் காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அதில் ஒன்று தொலைந்துபோனது. பெட்டியை மிதிப்பவர் தான் வாசித்ததைத் தானே திரும்பக் கேட்கிறார். ஸ்வோப் ஏற்பாட்டில் வாசித்தவருக்குத் தன் ஒலி எப்போது, என்ன உருவில் திரும்பும் என்று தெரியாது. தன் குரலின் எதிரொலி இன்னொருவர் கையில் இருக்கும்போது வாசிப்பில் ஒரு விழிப்பு வந்துவிடுகிறது. இவர்களின் நேரடிப் பதிவுகளில் நான் கேட்பது அந்த விழிப்பைத்தான்.

இதோடு சத்த அளவையும் சேர்க்க வேண்டும். இவர்கள் வாசிப்பு பயங்கரச் சத்தம் என்பது அன்றைக்கே பேர்போனது. அதை வெறும் இளவயதுத் திமிர் என்று எழுதுகிறவர்கள் உண்டு; எனக்கு அது சரியாகப் படவில்லை. எலக்ட்ரிக் கிதாரில் ஃபீட்பேக் என்று ஒன்று உண்டு. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் போதிய பலத்தோடு இருந்தால் கிதாரின் கம்பியையே அது அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். அது மறுபடி கம்பியை ஆட்டும். விரல் எடுத்த பிறகும் ஸ்வரம் வளர்ந்துகொண்டே போகும், நடுவில் மேல்ஸ்தாயிகள் தானாகக் கிளம்பும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இது நடக்காது. ஆகவே மில்லருக்குச் சத்தம் ஒரு கச்சாப்பொருள். குறைத்து வைத்தால் பாதி ஸ்வரங்களே பிறந்திருக்காது. மேடையில் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சுழல், பின்கோடியில் நாடாவில் ஒரு சுழல். மூன்றாவது சுழல் ஒன்று மில்லரின் தலைக்குள் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தட்டுகளுக்கு வருவோம். போஸ்டனில் ரிக் ஹார்ட் என்பவர் ஏஸ் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திவந்தார். ஊர்க் குழுக்களை ஊர்க்காரரே பதிவுசெய்து விற்கும் ஏற்பாடு. ஆனால் சிறு நிறுவனம் என்பதற்காக அவசரக் குடுக்கைப் பதிவு போட மாட்டார். ஒவ்வொரு ஒலியையும் துடைத்துத் துடைத்து அடுக்குவார். 1980இல் வந்த முதல் சிங்கிளான "அகாடமி ஃபைட் சாங்" அப்படிப்பட்ட மெருகோடு வந்தது. மேடையில் கேட்ட காட்டாறு தட்டில் வாய்க்காலாகிவிட்டதே என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். முதல் அச்சு 7,500 பிரதிகள் சில வாரங்களிலேயே தீர்ந்தன. அடுத்த ஆண்டு வந்த "சிக்னல்ஸ், கால்ஸ் அண்ட் மார்ச்சஸ்" ஈ.பி. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்தாயிரம் விற்றது. பெரிய கம்பெனிக்கு அது மீதிச் சில்லறை. ஓர் ஊரின் ஒரு மனிதர் நடத்திய நிறுவனத்துக்கோ பெரும் வெற்றி.

அந்த ஈ.பி.யில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டு அல்ல, உள்ளே வைத்த தாள். பாடல் வரிகளை அச்சிட்டுத் தருவது வழக்கம். இவர்கள் தட்டில் வரும் எல்லாச் சொற்களையும் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டார்கள். எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்பதை வாங்குகிறவர் தேடிக்கொள்ளட்டும். நிகண்டு மாதிரியான குறும்பு. ஒலியை வெட்டி மாற்றி ஒட்டும் ஸ்வோப்பின் புத்திதான் தாளிலும் வேலை செய்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதே ஈ.பி.யின் முதல் பாட்டுதான் இவர்களுடைய ஒரே பிரபலமான பாட்டு: "தட்ஸ் வென் ஐ ரீச் ஃபார் மை ரிவால்வர்." இந்தத் தலைப்பின் பயணம் தனிக் கட்டுரைக்குத் தகும். பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் துப்பாக்கியை எடுப்பதைப் பற்றிய ஒரு வசனம், ஹான்ஸ் யோஸ்ட் என்ற நாஜி நாடகாசிரியரின் "ஷ்லாகெட்டர்" நாடகத்தில் வருகிறது. 1933இல், ஹிட்லரின் பிறந்தநாளன்று அரங்கேறிய நாடகம் அது. வசனம் நாடகத்தைவிட்டுக் கழன்று உலகமெல்லாம் சுற்றியது. பெரும்பாலானோர் அதை நாஜித் தலைவர் கோரிங் சொன்னதாகவே நம்பினார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி மில்லர் அதை ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். அங்கிருந்து கான்லியின் கண்ணில் பட்டது. 1996இல் மோபி என்ற பாடகர் கான்லியின் பாட்டைத் திரும்பப் பாடி வெளியிட்டபோது, துப்பாக்கி என்ற சொல் எம்.டி.வி.க்கு ஒவ்வவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதை உணரும் தருணம் என்ற பொருளில் வரியை மாற்றிப் பாடித் தந்தார். நாஜி மேடையில் பிறந்து, தவறான பெயரில் வளர்ந்து, போஸ்டன் கிளப்பில் கூட்டத்தைக் கத்தவைத்த சொற்றொடர், தொலைக்காட்சிக்கு வந்ததும் காதல் தோல்விப் பாட்டானது. பாட்டில் மிச்சமிருந்த கோபத்தை யாராலும் மாற்றிப் பாட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

1982இல் "வெர்சஸ்" வந்தது. ரோட் ஐலண்டில் ஒரு ஸ்டூடியோவில் பதிவானது. இந்த முறை ஹார்ட் துடைப்பதைக் குறைத்துக்கொண்டார். மேடையின் மூச்சு ஓரளவு தட்டில் ஏறியது. பன்னிரண்டு பாட்டுகள். முதல் பாட்டான "சீக்ரெட்ஸ்" வாய்ச்சொல் வருவதற்குள்ளேயே ஒரு பாட்டளவு தூரம் ஓடிவிடும். "ட்ரெம் டூ" அதற்கு நேரெதிர்: கிதாரின் ஒலி அலையலையாக ஏறி இறங்க, எதுவும் வெடிக்காமல், வெடிக்கப்போகிறது என்ற உணர்விலேயே நம்மை நிறுத்திவைக்கும். "மைக்கா" பாட்டின் சொற்கள் கவிஞர் ஹாலி ஆண்டர்சனுடையவை. கான்லியின் மெட்டும் ஸ்வோப்பின் நாடாவும் மிக நெருங்கி இழைவது அதில்தான் என்பது என் கட்சி. "ஐன்ஸ்டைன்ஸ் டே"யின் சோம்பலான அகலத்தைக் கேட்டபின் இவர்களைப் பங்க் குழு என்று மட்டும் சொல்வது கூச்சமாக இருக்கும். குறையும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் சில பாட்டுகள் வேகத்தையே விஷயமாக வைத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றை நான் தாண்டிப் போய்விடுவதுண்டு.

தட்டு நன்றாக இருந்து என்ன? ஊரைவிட்டு வெளியே போனால் கேட்க ஆளில்லை. நியூயார்க் போன்ற சில நகரங்களை விட்டால், வேனில் நூற்றுக்கணக்கான மைல் போய் பத்து இருபது பேருக்கு முன்னால் வாசித்த இரவுகள் ஏராளம். அமெரிக்காவில் சிறு குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பதற்கான வலை, அதாவது கிளப்கள், கைப்பிரதி இதழ்கள், தங்க இடம் தரும் ரசிகர் வீடுகள், அப்போதுதான் பின்னப்பட்டுக்கொண்டிருந்தது. கலிஃபோர்னியாவில் பிளாக் ஃபிளாக் குழுவும் அவர்களின் எஸ்.எஸ்.டி. நிறுவனமும், வாஷிங்டனில் டிஸ்கார்டு நிறுவனமும் அதைப் பின்னியவர்கள். ஜார்ஜியாவின் ஏதென்ஸிலிருந்து 1980இல் கிளம்பிய ஆர்.ஈ.எம். குழுவினர் அந்த வலையில் நடந்தே அரங்குகளை நிரப்பும் இடத்துக்குப் போனார்கள். மிஷன் ஆஃப் பர்மா வலை பின்னி முடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்கியவர்கள். இரண்டு வருடம் தாமதமாகப் பிறந்திருந்தால் என்ற யோசனை வரும். ஆனால் காது காத்திருக்காது.

மூன்றாவது சுழல் இதுதான். உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள். ஒலி அவற்றை அசைக்கும், அசைவு நரம்பில் மின்னாக மாறும். அளவு மீறிய சத்தம் அவற்றைச் சாய்த்துவிடும், பிறகு கொன்றுவிடும். பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கின்றன, பாலூட்டிகளுக்கு முளைப்பதில்லை. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணிநேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணிநேரம். ராக் மேடையில் அதைத் தாண்டுவது சர்வசாதாரணம், அதுவும் இரவுக்கு ஒரு மணிநேரம், வாரத்துக்குப் பல இரவுகள். செல்கள் செத்த இடத்திலிருந்து செய்தி வராமல் போகும்போது மூளை சும்மா இருப்பதில்லை. ஏதாவது கேட்கிறதா என்று தன் உள் ஒலிபெருக்கியை ஏற்றிவைக்கிறது. ஏற்றியதில் தன் நரம்புகளின் இரைச்சலையே கேட்கத் தொடங்குகிறது. காது இரைச்சலுக்கு இன்று சொல்லப்படும் முக்கியமான விளக்கங்களுள் இதுவும் ஒன்று. கிதாரின் ஃபீட்பேக்கை இது ஓரளவு நினைவூட்டுகிறது.

இசை தெரிந்தவருக்கு இந்த நோயில் கூடுதல் தண்டனை ஒன்று உண்டு. சாதாரணக்காரருக்கு அது "ஙொய்" என்ற சத்தம். மில்லர் மாதிரி ஆளுக்கு அது ஸ்வரம். எந்தக் காதில் எந்த ஸ்வரம் என்று பெயர் சொல்ல முடியும். செக் இசைமேதை ஸ்மெடனா 1874இல் செவிடானார். இரண்டு வருடம் கழித்து எழுதிய தந்திக்கருவி நால்வர் இசையின் கடைசிப் பகுதியில், உற்சாகமான நடனம் திடீரென்று அறுந்து, முதல் வயலின் ஓர் உச்ச ஈ ஸ்வரத்தை நீளமாக இழுக்கும். தன் காதுக்குள் ஒலித்ததை அவர் அப்படியே தாளில் இறக்கியது அது. நோயைத் தாளில் இறக்க ஸ்மெடனாவுக்கு முடிந்தது. நோயை வளர்ப்பதே தொழிலாக இருந்த மில்லருக்கு நிறுத்துவது ஒன்றுதான் வழி.

நிறுத்தினார்கள். 1983இல் கடைசிச் சுற்று. மார்ச்சில் போஸ்டனின் பிராட்ஃபோர்ட் ஹோட்டலில் ஊருக்கு விடைகொடுத்தார்கள். அந்தச் சுற்றில் பதிந்தவை 1985இல் "தி ஹாரிபிள் ட்ரூத் அபவுட் பர்மா" என்ற நேரடி ஆல்பமாக வந்தன. ஸ்டூஜஸ், பெரே ஊபு குழுக்களின் பாட்டுகளை இவர்கள் பிய்த்து உதறுவதை அதில் கேட்கலாம். ஹார்ட்டின் மெருகு பிடிக்காதவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்த பத்தொன்பது வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். மில்லரும் ஸ்வோப்பும் பேர்ட்சாங்ஸ் ஆஃப் தி மெசோசோயிக் என்ற, கீபோர்டுகளை நம்பிய, காதுக்குக் கருணை காட்டும் குழுவுக்குப் போனார்கள். மில்லர் பின்னாளில் அலாய் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்து மௌனப் படங்களுக்குத் திரைக்குப் பக்கத்திலிருந்து வாசித்தார். பிரஸ்காட் வால்கனோ சன்ஸ் குழுவைக் கட்டி மேற்கொண்டும் சத்தம் போட்டார். கான்லி யோ லா டெங்கோ குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு, போஸ்டன் தொலைக்காட்சி ஒன்றில் செய்தித் தொகுப்பு நிகழ்ச்சித் தயாரிப்பாளராகச் சம்பளத்துக்குப் போனார். கிதாரைத் தொடாமலே பல வருடம் ஓடின. ஸ்வோப் ஹவாய்க்குக் குடிபோனார்.

இடைப்பட்ட காலத்தில் பாட்டுகள் தாமாக நடமாடின. ஆர்.ஈ.எம். 1989இல் "அகாடமி ஃபைட் சாங்"கைத் தம் ரசிகர் மன்றத் தட்டில் சேர்த்தார்கள். பிளர் குழுவின் கிதார்க் கலைஞர் கிரஹாம் காக்ஸன் 2000இல் தன் தனி ஆல்பத்தில் இவர்களின் இரண்டு பாட்டுகளை வாசித்தார். 2001இல் மைக்கேல் அஸெராட் எழுதிய "அவர் பேண்ட் குட் பி யுவர் லைஃப்" நூல் வந்தது. அமெரிக்க நிலத்தடி ராக்கின் பதின்மூன்று குழுக்களுக்கு ஆளுக்கொரு அத்தியாயம். பட்டியலில் இவர்களைவிட அதிகம் விற்றவர்கள், அதிகம் ஊர் சுற்றியவர்கள் நிறைய. ஆனாலும் ஓர் அத்தியாயம் இவர்களுக்குக் கிடைத்தது. அந்த அத்தியாயம் அருமையானது. முதல் ஆயுளின் கதையை அழுத்தமாக ஆணியடித்து மாட்டியதும் அதுதான். நூல் வெளிவந்தபோது கதை அங்கேதான் முடிந்திருந்தது, ஆகவே அஸெராடைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதையே திருப்பித் திருப்பி எழுதியதுதான் சோம்பேறித்தனம்.

2002 ஜனவரியில் நியூயார்க்கின் இர்விங் பிளாசாவில் மறுபடி மேடையேறினார்கள். மில்லருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. காது மூடி திரும்ப வந்தது. பிரஸ்காட்டின் டிரம்ஸைச் சுற்றி, சத்தத்தைத் தடுக்கக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தடுப்பு. ஸ்வோப் வரவில்லை. அவர் இடத்தில் பாப் வெஸ்டன்; ஷெல்லாக் குழுவின் பேஸ் கிதார்க்காரர், ஒலிப்பதிவாளர், முன்பு பிரஸ்காட்டோடு வால்கனோ சன்ஸில் இருந்தவர். பின்கோடி நாற்காலியில் இந்த முறை உட்கார்ந்தவர் ஒலியைத் தொழிலாகவே கொண்டவர். வித்தியாசம் கேட்கிறது. ஸ்வோப்பின் நாடா வேலையில் ஒரு பேய்த்தன்மை உண்டு, எங்கே வருகிறது என்றே பிடிபடாது. வெஸ்டன் இன்னும் திட்டமாக, பாட்டின் எலும்பைத் தெரிந்துகொண்டு வெட்டுகிறார். எனக்கு ஸ்வோப்தான் ஒரு படி மேல். ஆனால் வெஸ்டன் நகல் எடுக்க முயலவில்லை என்பதே பெரிய விஷயம்.

2004இல் மாட்டடார் நிறுவனத்தில் "ஆன்ஆஃப்ஆன்" வந்தது. தலைப்பே மின்விசையின் கதை: போட்டது, அணைத்தது, போட்டது. பழைய நாட்களில் தட்டேறாமல் தங்கிப்போன சில பாட்டுகளும் புதியவையும் கலந்து வந்தன. இவற்றுள் எது 1982, எது 2003 என்று முதல் கேட்பில் சொல்வது கஷ்டம். முன்னொரு நாள் மாக்ஸ் எர்ன்ஸ்டைப் பாடியவர்கள் இப்போது அவருடைய கனவைத் தலைப்பாக்கிப் பாடினார்கள். விட்ட இடத்தைத் தொடுகிறோமா என்று சோதித்துப் பார்க்கும் ஆல்பம் அது, சற்று நீளம் கூட.

2006இல் வந்த "தி ஆப்ளிட்டராட்டி"யில் அந்தச் சோதனை மனநிலை இல்லை. இந்தக் குழுவைக் கேட்காதவருக்கு நான் முதலில் கொடுக்கும் தட்டு இதுதான். "வெர்சஸ்" அன்பர்கள் மன்னிக்க. பிரஸ்காட்டின் டிரம்ஸ் முன்னெப்போதையும்விடத் தெளிவாகவும் முரட்டுத்தனமாகவும் விழுகிறது. டிஸ்கோ பாடகி டானா சம்மரின் பெயரையும் பண்டைய சுமேரியாவையும் குழைத்து ஒரு தலைப்பு, நான்சி ரீகனின் தலையைப் பற்றி ஒரு பாட்டு. கிண்டல் இருக்கிறது, ஆனால் வயதான ராக் குழுக்களின் பழங்கதைக் கிண்டல் இல்லை. இருபதுகளில் மில்லரும் கான்லியும் ஒரே பாட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஐம்பதுகளில் ஒருவர் இழுப்பது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிகிறது, தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார், விட்டுக்கொடுத்த கணத்தில் பாட்டு சறுக்கிப் பறக்கிறது. நால்வர் நான்காண்டு வாசித்தால் இது வராது.

2009இன் "தி சவுண்ட் தி ஸ்பீட் தி லைட்" எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கைப்பழக்கத்தில் எழுதிய பாட்டுகள் அதில் அதிகம். அந்த ஆண்டு அக்டோபர் 4ஐ போஸ்டன் நகராட்சி மிஷன் ஆஃப் பர்மா தினமாக அறிவித்தது. 1983இல் வாடகைக்குத் திண்டாடிய குழுவுக்கு நகராட்சியின் பட்டயம்! இவர்களைப் பற்றி 2006இல் ஆவணப்படமும் வந்துவிட்டிருந்தது. அதன் தலைப்பு, இது புகைப்படம் அல்ல என்று சொல்லும் அவர்கள் பாட்டொன்றிலிருந்து எடுத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய கதைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு. இரண்டாம் ஆயுளில் ஆபத்து குறைவு. கான்லிக்கு வேலை இருந்தது, மில்லருக்கு வேறு இசை இருந்தது, யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. "வெர்சஸ்" தட்டில் கேட்கும் அவசரம், நாளைக்கு இது இருக்காது என்ற அவசரம், பின்னால் வந்த நான்கு தட்டிலும் இல்லை. அதற்கு ஈடாகக் கிடைத்தது பொறுமை. பொறுமையான இரைச்சல் என்று ஒன்று இருக்க முடியும் என்று இவர்களைக் கேட்கும்வரை நான் நினைத்ததில்லை. மை பிளடி வேலன்டைன் என்ற குழுவினர் 2008இல் மறுபடி ஊர் சுற்றியபோது வாசலில் ரசிகர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தன் செவிக் கேட்டைப் பற்றிப் பொதுவெளியில் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. 1983இல் மில்லரின் காது மூடி விநோதப் பொருளாக இருந்தது. 2008இல் அதே பண்டம் டிக்கெட்டோடு வந்தது.

2012இல் வேறொரு நிறுவனத்துக்குப் போய், ஃபயர் ரெக்கார்ட்ஸ் வழியாக, கடைசி ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதன் பிறகு புதிய தட்டு இல்லை. நிகழ்ச்சிகள் குறைந்தன. இந்த முறை விடைபெறும் சுற்று கிடையாது, நேரடி ஆல்பம் கிடையாது. 2020 வாக்கில், குழு இனி இல்லை என்ற செய்தி பெரிய பரபரப்பு ஏதுமின்றி வந்து சேர்ந்தது. அந்தக் கடைசித் தட்டின் பெயர் "அன்சவுண்ட்". ஆங்கிலத்தில் அதற்கு ஆட்டம் கண்டது, உடல்நலம் கெட்டது என்றெல்லாம் பொருள். சொல்லைப் பிளந்து படித்தால் ஒலியற்றது என்றும் ஆகும். அதன் முப்பத்துச் சொச்ச நிமிடங்களில் அமைதியான நொடி ஒன்றைத் தேடிப் பார்த்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஓரிடத்தில் வெஸ்டன் நாடாவை விட்டுவிட்டு டிரம்பெட்டை எடுத்து ஊதுகிறார்.